மாநாடு முடிந்த பிறகு எங்கே போகிறார்கள்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில், பசாருக்குப் பக்கத்தில் நாங்கள் வழக்கமாக உட்காரும் ஒட்டுக்கடையில் போன மாதம் ஒரு வாக்குவாதம். தே தாரேக் ஆறி மேலே ஆடை கட்டும் வரை போனது.

எங்கள் மேசையில் ஒருவரைக் கிராணி அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் செக்ரோல் (தொழிலாளர் பேர்ப்பதிவேடு) எழுதியவர். வெளிநாட்டில் நடக்கவிருக்கும் ஒரு தமிழ் மாநாட்டுக்குப் பெயர் கொடுத்து, பணமும் கட்டிவிட்டார். அந்த ஊரில் சளிக்காய்ச்சல் (ஃப்ளூ) வேகமாகப் பரவுவதாகச் செய்தி வந்ததும், மாநாட்டைத் தள்ளிப்போடச் சொல்லிப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சிலர் எழுத ஆரம்பித்தார்கள். அண்ணனுக்குக் கோபம்.

“நம்ம கோயில் திருவிழாவுக்குப் பத்தாயிரம் பேர் வர்றாங்க, யாரும் ஒன்னும் சொல்றதில்ல. ஐந்நூறு பேர் கூடுற மாநாட்டை மட்டும் நிறுத்தணுமா? என்னப்பா கணக்கு இது?”

கடைக்கார அக்கா ரொட்டியைப் புரட்டிக்கொண்டே, “உயிரு இருந்தாத்தானே அண்ணே மாநாடு” என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் பாதி சரி. அண்ணன் தலைகளை மட்டும் எண்ணினார். அக்கா நோய் என்றாலே எல்லாம் ஒன்று என்று எடுத்துக்கொண்டார். ஊரில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் இப்படித்தான் இரண்டு கட்சியாகப் பிரிகிறோம். நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கரும்பலகை இல்லாமல் ஒட்டுக்கடையில் அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதல் கேள்வி: எந்த நோய்?

“நோய் பரவுகிறது” என்று கேட்டதும் நாம் கேட்க வேண்டியது, “எப்படிப் பரவுகிறது?” என்பதுதான். கிருமி ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போகிற பாதையைப் பரவும் வழி என்போம். டிங்கிக்கு (டெங்கு) வழி ஏடிஸ் கொசு. டிங்கி வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசினாலும், நடுவில் கொசு இல்லையென்றால் உங்களுக்கு வராது. காலராவுக்கு வழி தண்ணீரும் சாப்பாடும். சளிக்காய்ச்சலுக்கும் கோவிட்டுக்கும் அம்மைக்கும் வழி மூச்சு.

இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பேராக் மாநிலத்திலேயே ஒரு கதை உண்டு. 1998 கடைசியில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். அது கொசுவால் வருவது. அதனால் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. நோயுற்ற பன்றிகள் லாரியில் தெற்கே போக, நெகிரி செம்பிலானுக்கும் போய்ச் சேர்ந்தது. 1999 மார்ச்சில்தான் அது புதிய வைரஸ் என்று தெரிந்தது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் நிப்பா என்று பெயர் வைத்தார்கள். வௌவாலிலிருந்து பன்றிக்கு, பன்றியிலிருந்து மனிதனுக்கு: அதுதான் வழி. மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். பத்து இலட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்ற பிறகுதான் அடங்கியது. இவ்வளவு கொடிய நோய் இருந்தும், அந்த நாளில் கோலாலம்பூரில் ஒரு மாநாடு நடந்திருந்தால் மண்டபத்துக்குள் நிப்பா பரவியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பன்றி மாநாட்டுக்கு வராது. (அதே நிப்பா 2018-இல் கேரளத்தில் மருத்துவமனைகளில் ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றியது. ஆகவே பெயரை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யவும் முடியாது.)

2016-இல் ரியோ ஒலிம்பிக்கிலும் இதே கேள்வி எழுந்தது. பிரேசிலில் சிக்கா (ஜிகா) வைரஸ் பரவிக்கொண்டிருந்தது. போட்டியைத் தள்ளிவையுங்கள் அல்லது இடத்தை மாற்றுங்கள் என்று நூற்றைம்பது நிபுணர்கள் உலகச் சுகாதார நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை. சிக்காவும் முக்கியமாகக் கொசு வழி நோய்தான். ஆகஸ்டு மாதம் அங்கே குளிர்காலம், கொசு குறைவு. போட்டி நடந்தது, போய் வந்தவர்களிடையே உறுதியான சிக்கா தொற்று எதுவும் பதிவாகவில்லை.

ஆக, கொசு வழி நோய்க்கு மாநாட்டை நிறுத்துவது பெரும்பாலும் தேவையில்லாத வேலை. மூச்சு வழி நோய் என்றால்தான் கதை மாறுகிறது. இனிமேல் சொல்வதெல்லாம் மூச்சு வழி நோயைப் பற்றி.

ஆயாக் கொட்டகையில் கற்றது

என் அம்மா தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். விடியற்காலை பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர்ப் பால் எடுக்க, போகிறவர்கள் ஐந்தரை மணிக்கெல்லாம் பிள்ளைகளைத் தூக்கத்தோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடம்) போவார்கள். தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது என்றால் அம்மா முதலில் கேட்பது, “முந்தாநாள் யார் யாரு இதுகூட விளையாண்டா?” என்றுதான். இன்றைக்கு யார் என்று கேட்க மாட்டார். நோய் முகத்தில் தெரிவதற்கு முன்பே கைமாறிவிடும் என்று படிக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு மருத்துவத்தில் இரண்டு சொற்கள். கிருமி உடம்பில் நுழைந்த நாளிலிருந்து அறிகுறி தெரியும் நாள் வரை உள்ள இடைவெளி, அடைகாலம். கோழி முட்டையை அடைகாப்பது போலத்தான்: உள்ளே வேலை நடக்கிறது, வெளியே ஒன்றும் தெரியாது. சளிக்காய்ச்சலுக்கு 1 முதல் 4 நாள். கோவிட் முதலில் வந்தபோது சராசரி 5 நாள், சிலருக்கு 14 நாள் வரை. அடுத்தது தொற்றும் காலம்: ஒருவர் மற்றவருக்கு நோயைக் கொடுக்கக்கூடிய நாட்கள்.

இந்த இரண்டு காலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2003-இல் வந்த சார்ஸ் நோயில் பெரும்பாலும் ஏறிக்கொள்ளவில்லை. காய்ச்சல் வந்து சில நாள் கழித்துத்தான் ஆள் அதிகமாகத் தொற்றினார். அதனால் காய்ச்சல் வந்தவரைப் பிடித்துத் தனியே வைத்தால் போதும் என்ற நிலை இருந்தது, சில மாதங்களில் அடக்கியும் விட்டார்கள். கோவிட்டில் அறிகுறிக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும். சளிக்காய்ச்சலிலும் ஒரு நாள் முன்பே. அப்படிப்பட்டவர் நெற்றியில் வெப்பமானியைக் காட்டினால் அது 36.5 என்று சொல்லும். ஆளும் சிரித்துக்கொண்டே உள்ளே போவார்.

பரிசோதனை செய்துவிட்டால் போதாதா? உதவும், ஆனால் அது அந்த நேரத்துப் படம் மட்டும். 2020-இல் கெடா மாநிலத்தில் சிவகங்கை தொற்றுத் திரள் என்று ஒன்று வந்தது நினைவிருக்கும். இந்தியாவிலிருந்து திரும்பிய ஒருவருக்கு முதல் பரிசோதனையில் தொற்று இல்லை. தனிமை நாட்கள் முடிவதற்குள் அவர் தம் கடைக்குப் போய்விட்டார். அடுத்த பரிசோதனையில் தொற்று இருந்தது. தனிமையை மீறியதற்கு ஐந்து மாதச் சிறை கிடைத்தது. அடைகாலத்தின் முதல் நாளில் எடுக்கும் பரிசோதனை, விதைத்த மறுநாள் தோட்டத்தைப் பார்த்து ஒன்றும் முளைக்கவில்லை என்று சொல்வது மாதிரி.

புகைவீடும் குளிரூட்டிய மண்டபமும்

அண்ணனின் திருவிழாக் கேள்விக்கு இப்போது பாதிப் பதில் சொல்லலாம்.

ரப்பர் சீட்டுகளைத் தொங்கவிட்டுக் காயவைக்கும் புகைவீடு இன்று அதிகம் இல்லை. ஐம்பது தாண்டியவர்களுக்கு அந்த வாசனை மறக்காது. கதவைச் சாத்தினால் எங்கோ மூலையில் எரியும் அடுப்பின் புகை மேல் வரிசைச் சீட்டு வரை போய் ஏறும். கதவைத் திறந்துவிட்டால் சீக்கிரமே கலைந்துவிடும். அடுப்பு அதே அடுப்புதான்.

நாம் பேசும்போது, பாடும்போது, சும்மா மூச்சு விடும்போதுகூட எச்சில் துகள்கள் வெளியே வருகின்றன. பெரியவை இரண்டடி, நாலடியில் தரையில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சிறியவை புகை போலக் காற்றில் மிதக்கும். இவற்றுக்கு நுண்துளி என்று பெயர். மூடிய அறையில் நுண்துளி சேர்ந்துகொண்டே போகும். கோயில் திடலில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும்.

மாநாடு எங்கே நடக்கிறது? ஹோட்டல் மண்டபத்தில். சன்னல் திறக்காது. வீட்டில் மாட்டுகிற மாதிரிக் குளிர்சாதனப் பெட்டி உள்ளே இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர வைத்துத் திரும்ப உள்ளேயே விடுகிறது. குளிர்ந்த காற்று புதுக் காற்று இல்லை. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். புதுக் காற்று வருகிறதா என்று பார்க்கச் சுலபமான வழி, கரியமில வாயு அளக்கும் சின்னக் கருவி. பத்து இலட்சம் பங்கு காற்றில் அந்த வாயு எத்தனை பங்கு என்று அது காட்டும். வெளியே மரத்தடியில் 420-ஐ ஒட்டி இருக்கும். மண்டபத்துக்குள் 800-க்குக் கீழே இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேலே ஏற ஏற, நீங்கள் அடுத்தவர் விட்ட மூச்சைக் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நேரமும் சேர்ந்து வேலை செய்யும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒரு கூடத்தில் பயிற்சி செய்தது. 61 பேர் வந்தார்கள். ஒருவருக்கு மட்டும் லேசான சளி இருந்தது. கடைசியில் நோய்ப்பட்டவர்கள், அவரையும் சேர்த்து, 53 பேர். இருவர் இறந்துபோனார்கள். நம் பஜனைக் குழுக்களை நினைத்துக்கொண்டேன். ஒரு மாநாட்டில் இரண்டரை மணி நேரம் என்பது காலை அமர்வு மட்டும்தான்.

திருவிழா பத்திரமானது என்று சொல்ல வரவில்லை. அன்னதானக் கொட்டகையும் திருவிழாவுக்கு வரும் அடைத்த பேருந்தும் மண்டபத்துக்குச் சமம். ஆனால் அங்கே பத்தாயிரம் பேரில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்தோடு வந்து, குடும்பத்தோடு நின்று, வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மாநாட்டில் யாரும் தன் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தெரியாதவரைத் தேடிப் போய்ப் பேசுகிறோம், கை குலுக்குகிறோம், ஒரே மேசையில் உட்காருகிறோம், மறுநாள் வேறு மேசைக்கு மாறுகிறோம். கலப்பதற்காகவே கூடுகிற கூட்டம் அது. நமக்கு எது பயனோ அதுவே கிருமிக்கும் பயன்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: மூச்சு வழி நோயா என்று பார்க்க வேண்டும், அறிகுறிக்கு முன்பே தொற்றுமா என்று பார்க்க வேண்டும், மண்டபத்தில் புதுக் காற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐந்நூறு பேரில் ஒருவர்

“வர்றவங்க எல்லாரும் நல்லாத்தானே இருப்பாங்க” என்பது அண்ணனின் அடுத்த வாதம். கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஆயிரம் பேரில் ஒருவருக்குத் தொற்று இருக்கிறது, அவருக்கே அது தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 பேர் கூடினால், அதில் ஒருவராவது தொற்றோடு வந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 5. 500 பேர் கூடினால் 39. 2,000 பேர் கூடினால் 86.

நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர்களுக்கு இது புரியும். சீட்டு ஒன்று வாங்கினால் விழாது, நிறைய வாங்கினால் விழ வாய்ப்பு கூடும். இந்தக் குலுக்கலில் விழுந்தால்தான் நட்டம்.

பன்னாட்டு மாநாடு என்றால் இன்னொரு சிக்கலும் சேரும். ஆயிரத்தில் ஒருவர் என்பது எல்லா ஊருக்கும் ஒன்றாக இருக்காது. ஓர் ஊரில் பத்தாயிரத்தில் ஒருவர், இன்னோர் ஊரில் நூற்றில் ஒருவர். மாநாடு நடக்கும் ஊரில் நோயே இல்லை என்று ஏற்பாட்டாளர்கள் சொல்வது பாதிப் பதில். வருகிறவர்களின் ஊர்களில் எது மோசமாக இருக்கிறதோ அதையும் கேட்க வேண்டும்.

வாயாடி ஒருவர் போதும்

“போன மாசம் அங்க ஒரு மாநாடு நடந்துச்சே, ஒன்னும் ஆகலையே?” இதுதான் எனக்கு மிகவும் பிடித்த தப்பான வாதம். ஏனென்றால் இதில் உண்மையும் இருக்கிறது.

ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்ற வைக்கிறார் என்பதைப் பரவல் எண் என்பார்கள். தடுப்பூசி இல்லாத ஊரில் தட்டம்மைக்கு 12 முதல் 18, வழக்கமான சளிக்காய்ச்சலுக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் சராசரி ஏமாற்றும். ஊரில் ஒரு வம்புச் செய்தி எப்படிப் பரவுகிறது என்று பாருங்கள். கேட்ட பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். ஒருவர் மட்டும் பசார், கோயில், முடிவெட்டும் கடை என்று ஒரு சுற்று வந்துவிடுவார். சராசரி எடுத்தால் ஆளுக்கு மூன்று பேரிடம் சொன்னதாக வரும். உண்மையில் அப்படிச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

கோவிட்டும் அப்படித்தான் நடந்தது. தொற்றியவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர், மொத்தப் பரவலில் எண்பது சதவிகிதத்துக்குக் காரணமாக இருந்தார்கள் என்று பல ஆய்வுகள் கணித்தன. இப்படிச் சிலரிடமிருந்து மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டுவதை மிகைப்பரவல் என்று சொல்லலாம். அதனால் பத்து மாநாடு நடந்தால் எட்டொன்பதில் ஒன்றுமே ஆகாது. பத்தாவதில் பாதி மண்டபம் படுத்துவிடும். அந்த ஒன்பதைப் பார்த்துவிட்டு மனம் தைரியம் கொள்கிறது. கதவைப் பூட்டாமலே ஒன்பது நாள் திருடு போகவில்லை என்பதற்காகப் பூட்டு தேவையில்லை என்று யாராவது சொல்வார்களா?

திரும்பிப் போகும் வீடுகள்

இவ்வளவும் மண்டபத்துக்குள் நடப்பது. பன்னாட்டு மாநாட்டின் உண்மையான ஆபத்து, என் கணக்கில், மண்டபத்துக்கு வெளியே ஆரம்பிக்கிறது. கடைசி நாள் பொன்னாடை போர்த்தி, குழுப்படம் எடுத்து முடித்து, எல்லாரும் விமான நிலையத்துக்குப் போகும்போது.

2020 ஜனவரி 20 முதல் 22 வரை சிங்கப்பூர் ஹோட்டல் ஒன்றில் ஒரு நிறுவனத்தின் விற்பனைக் கூட்டம் நடந்தது. மொத்தமே 109 பேர். நம் ஊரில் ஒரு சின்னக் கல்யாணத்துக்குக்கூட அதைவிட அதிகம் வருவார்கள். அவர்களில் 94 பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். கூட்டம் முடிந்து அவரவர் ஊருக்குப் போனார்கள். அப்புறம் தென்கொரியாவில் தொற்று, பிரிட்டனில் தொற்று. பிரிட்டன்காரர் ஒருவர் வீட்டுக்குப் போகும் வழியில் பிரான்சில் பனிமலை விடுதியில் தங்கினார், அங்கே கூட இருந்தவர்களுக்கும் தொற்று. கோவிட் உறுதியான முதல் மலேசியக் குடிமகனும் அந்தக் கூட்டத்துக்குப் போய் வந்தவர்தான். பிப்ரவரி 4 அன்று அறிவித்தார்கள். இரண்டு நாள் கழித்து, கெடாவில் இருந்த அவருடைய தங்கைக்கும் உறுதியானது. தங்கை சிங்கப்பூருக்கே போகவில்லை.

அடுத்த மாதம் அமெரிக்காவின் பாஸ்டனில், பிப்ரவரி 26, 27 தேதிகளில், ஒரு மருந்து நிறுவனக் கூட்டம். ஏறத்தாழ 175 பேர். அங்கே பரவிய வைரஸின் மரபணுவில் ஒரு சின்ன அடையாளம் இருந்தது. ஆட்டுக்குக் காதில் குறி போட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறியை வைத்து ஆராய்ச்சியாளர்கள் பின்னால் தேடிப் போனார்கள். அந்த ஒரு கூட்டத்தின் வாரிசாக வந்த தொற்றுகள் அந்த ஆண்டு நவம்பருக்குள் அமெரிக்காவில் இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருக்கும் என்று கணித்தார்கள். அந்த இரண்டு இலட்சம் பேரில் மாநாட்டு அட்டையைக் கழுத்தில் மாட்டியவர்கள் நூறு பேர்கூட இருந்திருப்பார்களோ என்னவோ.

நம் நாட்டில் அதே பிப்ரவரி இறுதியில் கோலாலம்பூரின் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் நடந்த சமயக் கூட்டத்தை எல்லாரும் அறிவோம். ஏறத்தாழ 16,000 பேர் வந்தார்கள், அதில் 1,500 பேர் வெளிநாட்டவர். புருணையின் முதல் நோயாளி அங்கிருந்து திரும்பியவர். அன்று கூட்டத்துக்குத் தடை எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வாரம் கூடியது எந்தச் சமயத்தாராக இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, ஒட்டுக்கடை மூடியது, மீதி உங்களுக்கே தெரியும்.

இதில் என்ன வித்தியாசம் என்றால், லாலான் புல்லில் பற்றும் தீயை நினைத்துப் பாருங்கள். ஒரு தோட்டத்தில் பற்றினால் எல்லாரும் அந்த ஒரே இடத்துக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். காற்று பொறியைத் தூக்கிப் பத்துத் தோட்டத்தில் போட்டால்? ஊர்த் திருவிழாவில் தொற்று வந்தால், மாவட்டச் சுகாதார அலுவலகம் யார் யாரோடு இருந்தார் என்று வீடு வீடாகக் கேட்டு வரும். இதற்குத் தொடர்புத் தடமறிதல் என்று பெயர். என் அம்மா தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டதன் பெரிய வடிவம். பன்னாட்டு மாநாட்டில் தொற்று வந்தால், தடமறிய வேண்டியவர்கள் இருபது நாட்டில், இருபது மொழியில், இருபது அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கிறார்கள். தகவல் போய்ச் சேர்வதற்குள் அடைகாலம் முடிந்துவிடும்.

மாநாடே வேண்டாம், ஒரே இடத்தில் தங்கினாலே போதும் என்பதற்கும் கதை உண்டு. 2003 பிப்ரவரியில் ஹாங்காங் ஹோட்டல் ஒன்றின் ஒன்பதாம் மாடியில், சார்ஸ் பிடித்த ஒரு மருத்துவர் ஒரே இரவு தங்கினார். அங்கே தங்கியிருந்த மற்றவர்கள் வழியாக அது வியட்நாம், சிங்கப்பூர், கனடா என்று போனது.

“எனக்கு வந்தா வந்துட்டுப் போகட்டும், நான் பாத்துக்கறேன்” என்று அண்ணன் அன்று சொன்னார். துணிச்சலான பேச்சுதான். ஆனால் அவர் எடுக்கும் துணிச்சலுக்குச் சம்மதம் கேட்கப்படாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். திரும்பி வந்ததும் அவர் முதலில் போவது தாயாரிடம். அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. அடுத்தது இந்த ஒட்டுக்கடை. அடுத்தது கோயில் நிர்வாகக் கூட்டம். எங்கள் ஊர் மருத்துவமனை சிறியது. மூச்சு மோசமானால் ஈப்போவுக்கோ தைப்பிங்குக்கோ ஆம்புலன்ஸில் போக வேண்டும்.

கணினித் திரையில் நடத்தினால் என்ன?

நடத்தலாம், நடத்தியும் இருக்கிறார்கள். 2020-இல் ஆசிய-பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஏபெக்கின் மாநாட்டை நடத்தும் முறை மலேசியாவுக்கு வந்தது. நவம்பர் 20 அன்று தலைவர்கள் எல்லாரும் அவரவர் ஊரில் இருந்தபடியே திரை வழியாகக் கூடினார்கள், ஏபெக் வரலாற்றில் முதன்முறையாக. உலகச் சுகாதாரப் பேரவையும் அந்த ஆண்டு மே மாதம் இயங்கலையில் (ஆன்லைனில்) தான் நடந்தது.

ஆனால் இதில் நான் அண்ணன் பக்கமும் கொஞ்சம் சாய்வேன். 1966 ஏப்ரலில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு முதன்முதலில் கூடியது எங்கே? கோலாலம்பூரில். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த தனிநாயகம் அடிகள் முன்னின்று நடத்தியது. பல நாட்டு அறிஞர்கள் ஒரு கூரைக்குக் கீழே உட்கார்ந்து பேசினார்கள். கட்டுரையைத் தபாலில்கூட அனுப்பியிருக்கலாம். தேநீர் இடைவேளையில் நடக்கும் பேச்சைத் தபாலில் அனுப்ப முடியாது. இளம் ஆய்வாளர் ஒருவர் மூத்த பேராசிரியர் பக்கத்தில் தயங்கித் தயங்கிப் போய் நின்று, ஒரு வேலையோ ஒரு நட்போ பெற்று வருவது திரையில் அநேகமாக நடப்பதில்லை. “உங்க மைக் மூடியிருக்கு சார்” என்று சொல்லியே பாதி நேரம் போய்விடும்.

மறுபக்கமும் உண்டு. விமானச் சீட்டு வாங்க முடியாத தோட்டப்பள்ளி ஆசிரியை, விசா கிடைக்காத இலங்கை மாணவர், கைக்குழந்தைக்காரி: இவர்கள் எல்லாம் முதல்முறையாக மாநாட்டில் வாய் திறந்தது இயங்கலையில்தான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, ஏனோ நாம் அதை மரியாதைக் குறைவாக நினைக்கிறோம்: தள்ளிப்போடுவது. 2020 நவம்பரில் கிளாஸ்கோவில் நடக்கவிருந்த பருவநிலை மாநாட்டை ஓராண்டு தள்ளினார்கள். பேரம் பேசும் மாநாடு அது. அடுத்த அறைக்குக் கூட்டிப்போய்த் தனியாகப் பேசி முடிக்க வேண்டிய காரியங்கள் அதில் நிறைய. 2021-இல் தடுப்பூசி வந்துவிட்டது. அது கிடைக்காத நாட்டுப் பேராளர்களுக்குப் பிரிட்டனே கொடுக்க முன்வந்தது. உள்ளே நுழைய ஒவ்வொரு நாளும் பரிசோதனை என்று வைத்து, நேரடியாகவே நடத்தினார்கள். அதே ஊர், அதே மாநாடு, பன்னிரண்டு மாதத்தில் ஆபத்தின் அளவு வேறு. கல்யாணத்தை ஆடி மாதம் என்று ஆவணிக்குத் தள்ளும் நமக்கு இது புரியாததா?

பணத்தைத் திருப்பித் தருவீர்களா?

சரி, ஒரு மாநாடு நேரடியாகத்தான் நடக்கப்போகிறது. போகலாமா என்று எப்படிப் பார்ப்பது? நோய் எந்த வழி, அடைகாலம் எத்தனை நாள், மண்டபத்தில் காற்று எப்படி, வருகிறவர்களின் ஊர் நிலவரம் என்ன என்பதை மேலே பார்த்துவிட்டோம். முகக்கவசம், தடுப்பூசி பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாரும் கேட்டுக் கேட்டுச் சலித்தது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் ஆபத்தைக் குறைக்கும், எதுவும் தனியாக முழுதாகத் தடுக்காது.

யாரும் கேட்காத ஒரு கேள்விதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது: காய்ச்சல் வந்து வர முடியாமல் போனால், கட்டிய பணத்தைத் திருப்பித் தருவீர்களா?

இது கணக்குப்பிள்ளை சமாச்சாரம் போலத் தெரியும். உண்மையில் இது சுகாதார ஏற்பாடு. மூவாயிரம் ரிங்கிட் கட்டியவருக்குப் புறப்படும் காலையில் தொண்டை கரகரக்கிறது. பணம் திரும்ப வராது என்றால் என்ன செய்வார்? இரண்டு பெனடோல் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவார். அவர் கெட்டவர் இல்லை. நானும் அதைத்தான் செய்வேன். பணம் திரும்ப வரும், அல்லது அதே கட்டணத்தில் திரை வழியாகக் கலந்துகொள்ளலாம் என்றால் வீட்டிலேயே படுத்துக்கொள்வார். வாசலில் நிற்கும் வெப்பமானியைவிட இந்த ஒரு வரி அதிகப் பேரைத் தடுக்கும். அங்கே போய் நோய் வந்துவிட்டால் தங்கும் செலவு யாருடையது என்பதும் இதன் தம்பிதான். தன் செலவு என்றால், அறையில் தனித்திருக்காமல் இருமிக்கொண்டே அடுத்த விமானத்தைப் பிடிப்பார்கள்.

பிறகு ஒரு நாள் கடையில் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டதும் கைப்பேசியை எடுத்து அங்கேயே ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினார். செக்ரோல் எழுதிய கை, கேள்விகளுக்கு எண் போட்டே எழுதினார். இரண்டு நாளில் பதில் வந்தது. மண்டபத்தைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார்கள். பணத்தைப் பற்றி, “பரிசீலனையில் உள்ளது.”

போன ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தார். போகிறாரா இல்லையா என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தேநீர் வரும் வரை சுவரில் தொங்கிய சீட்டுக்கம்பெனிக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாத்தியாரே, சளிக்காய்ச்சலுக்கு அடைகாலம் நாலு நாளுன்னு சொன்னீங்கல்ல?”

“ஆமாண்ணே.”

“அப்ப நான் திரும்பி வந்தப்புறம் அம்மாவை ஒரு வாரம் தங்கச்சி வீட்டுல விட்டுட்டா சரியா வருமா?”

வரும் என்றேன். அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். கடைக்கார அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு, “அதுவரைக்கும் கடைப்பக்கமும் வராதீங்கண்ணே, தே ஓ கட்டிக் குடுத்து அனுப்புறேன்” என்றார்.